தோல் மூடும் வரை

என் தம்பியின் இடது கண்ணில் முன்பக்கம் ஒட்டியிருப்பது அவனுடையதல்ல. கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்தப் பகுதியில் ஒரு பட்டாணி அளவு, யாரோ ஒரு பெரியவருடைய கண்ணிலிருந்து வந்தது. இதைச் சொன்னால் இன்றைக்கும் "சும்மா கதை விடாதீங்க டீச்சர்" என்கிறார்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது. பாதி ஆயுளைப் பிள்ளைகளோடு கத்தியே தீர்த்த தொண்டை இது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். நாங்கள் பெங்களூர் தொம்மலூரில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி, நாலே பேர். அப்பா கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள் என்பது எனக்கு இருந்த இன்னொரு உத்தியோகம். சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் அதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்.

தம்பிக்குப் பதினேழு வயதில் அம்மை போட்டது. உயிர் தப்பியது, கண் தப்பவில்லை. வலது கண் சுருங்கி, உள்ளே போய், ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. இடது கண்ணில் பூ விழுந்தது. வெள்ளையாக, கருவிழியை முழுக்க மூடிக்கொண்டு. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று சொல்வான், அவ்வளவுதான். காலேஜில் சேர்ந்திருக்க வேண்டியவன் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். மூன்று வருஷம் அப்படிப் போனது.

அப்புறம்தான் அந்த டாக்டர் வந்தார். சீமையில் படித்துவிட்டு வந்தவர். கண்ணாஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துவிட்டு, பூ விழுந்த தோலை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு நல்ல தோலை வைத்து ஒட்டலாம் என்றார். அதே ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை போய், வலி மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கண்ணை எடுத்தே ஆக வேண்டும். முன்பக்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். "பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பிடிக்கலைன்னா இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போயிடும்" என்று சொல்லித்தான் செய்தார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு கண்தான். அது கெட்டால் அவனுக்கு ஆயுசுக்கும் இருட்டு.

ஆபரேஷன் அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவர் அப்பா. சாயங்காலம் வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அம்மாவையும் என்னையும் நிற்க வைத்து ஸ்டேஷன் உத்தரவு படிக்கிற மாதிரி சொன்னார்.

"ரெண்டு கண்ணையும் கட்டியிருக்காங்க. தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக் கூடாது. இருமக் கூடாது, தும்மக் கூடாது. முக்கியமா அழக் கூடாது. அழுதா ஒட்டினது பிச்சுக்கும். அவன் மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை யாரும் பேசப்படாது, ஆமா. குறிப்பா நீ." கடைசியில் சொன்னது எனக்கு. என் வாயைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

ஆறாம் நாள் காலையில் அப்பா செத்துப்போனார். ஸ்டேஷனுக்குக் கிளம்பி ஒரு காலில் பூட்ஸ் போட்டிருந்தார். மற்றதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் அடுப்படியிலிருந்து, "மணியாயிடுச்சுப்பா" என்று இரண்டு தடவை கத்தினேன். மூன்றாவது தடவை கோபத்தோடு வந்து பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை மணல் மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தான். அதனால் சித்தப்பா பையன் வைத்தான். பெண்களெல்லாம் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். அப்போது அம்மா என் பக்கம் திரும்பி, "நீ ஆஸ்பத்திரிக்குப் போகலியா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். எனக்குப் புரிந்தது. தினமும் சாப்பாடு கொண்டுபோய் ஊட்டுகிறவள் நான். நான் போகாவிட்டால் அவன் ஏன் என்று கேட்பான். கேட்டால் யாராவது உளறுவார்கள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டு அம்மாள் ரசம் சாதம் கட்டிக் கொடுத்தாள். அல்சூர் வரை நடந்து அங்கே பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னல் வழியாகக் கடைகளின் போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன்.

"ஏன்க்கா லேட்டு?" என்றான் படுத்த வாக்கில்.

"பஸ் கெட்டுப்போச்சு."

குனிந்து ஊட்டும்போது என் தலையிலிருந்து அவன் கைமேல் சொட்டியது. "தலை ஏன் ஈரமா இருக்கு?"

"மழை."

"மழைச் சத்தமே கேக்கலியே?"

"தொம்மலூர்ல மழை. இங்க இல்ல. வாயத் திற."

பெங்களூரில் அது பொய்யென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் புழுதி பறக்கும். அவன் வாயைத் திறந்தான். முழுச் சாதத்தையும் ஊட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அழுகை வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. சரி, இதுவும் வசதிதான் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் கூடிப் பேசினார்கள். பேச என்ன இருக்கிறது? அப்பா சொல்லிவிட்டுப் போனதே உத்தரவு. அழக் கூடாது. எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. கண் கட்டு அவிழ்க்கும்வரைக்கும் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். டாக்டரிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரிய டாக்டரை நிறுத்திக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் பேசும்போது தலையாட்டுவோம், வெளியே வந்த பிறகு நாங்களாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்வோம்.

அப்பாவுக்கு அரசிகெரே ஸ்டேஷனில் ரிலீவிங் டியூட்டி, லீவில் போனவருக்குப் பதிலாக அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அம்மாவுக்கு இருமல், அதனால் வார்டுக்குள் விடமாட்டார்கள் என்றேன். புருஷன் செத்துக் கருமாதி முடிகிற வரைக்கும் அம்மா வாசல் தாண்டக் கூடாது. அதை அவனிடம் எப்படிச் சொல்ல முடியும்?

ஆபரேஷன் ஆன பன்னிரண்டாம் நாள் மணல் மூட்டைகளை எடுத்தார்கள். உட்காரலாம், மெதுவாக நடக்கலாம். ஒட்டிய துண்டு பிடித்துவிட்டது, ஆனால் அதன் மேல்தோல் மூடவில்லை என்றார் டாக்டர். ஒட்டிய துண்டின் மேலே மெல்லிசாக, கண்ணுக்கே தெரியாத ஒரு தோல் வளர்ந்து மூட வேண்டுமாம். பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து அது வரும். வராவிட்டால் உள்ளே புண்ணாகி, ஒட்டியதும் பூவாகிப் போகும். கண்ணில் ஒரு மஞ்சள் மருந்தை விட்டு, விளக்கைப் பிடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். தோல் இல்லாத இடம் மட்டும் பச்சைப்பசேலென்று தெரிந்தது. ஒரு மிளகு அளவு.

"இந்தப் பச்சை போகணும். அதுதான் இனிமே வேலை" என்றார். அவருக்கு வீட்டில் கன்னடம், தமிழை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டவர்.

வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் துக்கத்துக்காகக் கொடுத்த லீவோடு சம்பளமில்லாத லீவும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். வார்டு சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி, கனத்த உடம்பு, நடந்தால் தரை அதிரும், கை மட்டும் பஞ்சு. முதலில் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையைத் துடைக்க வேண்டும், மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே, ஒரு பஞ்சுக்கு ஒரு தடவைதான். கீழ் இமையைக் கன்னத்து எலும்பின் மேல் விரல் வைத்து இழுக்க வேண்டும். கண்ணின் மேல் அழுத்தவே கூடாது. அந்தப் பள்ளத்தில் மருந்து ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் விட்டு, காய்ச்சி வடிகட்டின விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. அப்புறம் மூடிய இமைமேல் பஞ்சு வைத்து, அது அசையாமல் கட்டு. இமை உள்ளுக்குள் திறந்து மூடினால் புதுத் தோல் உரிந்துபோகும். பகலில் இரண்டு மணிக்கொரு தடவை. கட்டைப் பிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எண்ணெய்ப் படலத்தில் அவனுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை குறி தப்பியது. சொட்டு கன்னத்தில் விழுந்தது. "பிள்ளைங்களுக்குக் காதைத் திருகத் தெரியுதில்ல டீச்சரம்மா, அந்தக் கையா இது?" என்றாள் சிஸ்டர். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த சொட்டு சரியாக விழுந்தது.

"வலிக்குதாடா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலக்கா. மருந்து விட்டியா இல்லியான்னு கூடத் தெரியல."

ஒட்டிய துண்டுக்கு உணர்ச்சி கிடையாது என்று சிஸ்டர் சொன்னாள். நரம்பெல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது, திரும்ப வளர மாதக்கணக்காகும், சில பேருக்கு வராமலும் போகும். அதனால்தான் ஜாக்கிரதை. தூசி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும். நான் தலையாட்டினேன். எனக்கும் அந்த நாட்களில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

அப்பா போன பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. அம்மாவின் தாலியை எடுத்தார்கள், வளையல்களை உடைத்தார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அத்திபெலேயிலிருந்து வந்து முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினாள். எல்லோரும் போன பிறகு அம்மா வெறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வரேன்."

"வாம்மா. இருமல் சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"வளையல் வேணும்டி. ஆறு ஆறு பன்னெண்டு. கண்ணாடி வளையல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் உறைத்தது. கண் போன மூன்று வருஷமாக அவன் அம்மாவை வளையல் சத்தத்தில்தான் கண்டுபிடித்தான். வாசலில் நுழைந்தாலே, "அம்மா வந்துட்டா" என்பான். வெறும் கையோடு போய் அவன் தலையைத் தடவினால் சொல்லாமலே தெரிந்துவிடும்.

தெருவில் வளையல் விற்க வருகிறவர் எங்கள் எல்லோர் கையையும் அறிந்தவர். அவரிடம் வாங்க முடியாது. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போய் எனக்கு வாங்குகிற மாதிரி வாங்கினேன். கடைக்கார பாய் என் கையைப் பார்த்துவிட்டு, "இது உனக்குப் பெருசும்மா, நிக்காது, கழண்டு விழும்" என்றார். "விழட்டும், குடுங்க" என்றேன். மனிதர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குழாயடி இருந்தது. அங்கே நின்று அம்மா கையை நனைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். சோப்பே வேண்டியிருக்கவில்லை. பதினாறு நாளில் கை அவ்வளவு இளைத்திருந்தது. பையில் குங்குமச் சிமிழும் வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அதை நீட்டியபோது அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அது வேண்டாம். வளையல் அவன் காதுக்கு. பொட்டு வெச்சா அது பொய்யி."

அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை. அவளுக்கு அது தெளிவாக இருந்தது. வெறும் நெற்றியோடு, பன்னிரண்டு வளையல் குலுங்க, வார்டுக்குள் நடந்தாள்.

"அம்மா!" என்றான் அவன், அவள் கட்டிலுக்கு வருவதற்குள். அவள் தலையைத் தடவினாள். வளையல் சத்தம் கேட்டது. "சத்தம் வேற மாதிரி இருக்கே?"

"புதுசுடா கண்ணா. பழசு கிணத்தடியில உடைஞ்சு போச்சு."

அவள் குரல் கொஞ்சமும் ஆடவில்லை. நான் பஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் வாசலில் நின்று அம்மாவின் நெற்றியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் கிளம்பும்போது எங்கள் பின்னாலேயே குழாயடிக்கு வந்து கையை நீட்டினாள். "குடுங்கம்மா, இதைப் போட்டுக்கிட்டு பஸ்ல போவ முடியாது இல்ல? எங்கிட்ட இருக்கட்டும்." பஞ்சு வைக்கிற தகர டப்பாவில் அவற்றைப் போட்டு மூடினாள். அன்றிலிருந்து தினமும் அம்மா வருவாள், சிஸ்டர் டப்பாவைத் திறப்பாள், போகும்போது அம்மா கழற்றிக் கொடுப்பாள். கிட்டத்தட்ட மூன்று வாரம் இது நடந்தது.

அப்பா ஏன் கடிதம் போடவில்லை என்று தம்பி நச்சரித்தான். சரியென்று ஒரு நாள் பள்ளிக்கூடத்து நோட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போய்ப் பிரித்து வாசித்தேன். அரசிகெரேயில் தேங்காய் மூட்டைகள் நிறைய வருகின்றன, சாப்பாட்டில் உப்பில்லை, டாக்டர் சொல்படி கேள், அக்காவோடு வாயாடாதே. வாசிக்க வாசிக்க எனக்கே அது வெகு லேசாக வந்தது. அவன் சிரித்தான்.

"அப்பா இவ்வளவு நீளமா எழுத மாட்டாரே?"

"வேலை இல்லாம உக்காந்திருக்கார் போல" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பா செத்து ஒரு மாதம் ஆகப் போகிறது என்று அப்போது தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

பச்சை மட்டும் போகவில்லை. டாக்டர் மஞ்சள் மருந்து விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே மிளகு. ஒரு நாள், "இப்படியே போச்சுன்னா இமை ரெண்டையும் சேர்த்துத் தைச்சுட வேண்டியதுதான்" என்றார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதடு துடித்தது. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். "அழாதடா! அழக் கூடாதுடா, கண்ணு போயிடும்!" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டான். டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

அந்த வாரம்தான் அத்தை வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், அத்திபெலே பஸ்ஸில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு. குழாயடியில் அம்மா வளையல் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! எந் தம்பி எரிஞ்ச சாம்பல் இன்னும் காயல, அதுக்குள்ள உனக்கு வளையல் கேக்குதா? ஊரு சிரிக்கும்டி! வம்சத்துக்கே ஆகாதுடி!"

"அண்ணி, அவன் காதுக்குத்தான்..."

"என்னடி காது? தாலி அறுத்தவ கையில வளையல் போட்டா வீடு விளங்குமா? நானே போய் அவங்கிட்ட சொல்றேன், உங்கப்பன் போயிட்டான்டான்னு. ஆம்பளப் பிள்ள, தெரிஞ்சுக்கட்டும்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சொல்லுங்க அத்தை, போய்ச் சொல்லுங்க. அவன் கண்ணு போனா ஆயுசுக்கும் உங்க வீட்டுல வெச்சுக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவள் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு வார்டுக்குள் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

அத்தை கட்டிலருகில் போய் நின்றாள். கண்ணில் கட்டோடு அவன் சுவரைப் பார்க்க உட்கார்ந்திருந்தான். அத்தைக்கு மூச்சு இரைத்தது.

"யாரு? அத்தையா? மூக்குப்பொடி வாசனை வருதே" என்றான் அவன். "அத்தை, அப்பா உங்க வீட்டுப் பக்கம் வந்தாரா?"

அத்தை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, வழக்கமான சத்தத்தில், "அவனா? அவனுக்கு அக்கான்னு ஒருத்தி இருக்கிற ஞாபகம் எங்க இருக்கு? ஊர் ஊராச் சுத்தறான் கழுதை! வரட்டும், வெச்சுக்கறேன்" என்றாள்.

அவன் சிரித்தான். அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, வளையல் குலுங்க, அவன் தலைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவளைத் தேடிக்கொண்டு போனேன். குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "உங்கம்மா கைக்குச் சிவப்பு எடுக்கல, பச்சை வாங்கியிருக்கலாம்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் இமையைத் துடைக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்துகொண்டிருந்தது. கீழ் இமையின் ஓரத்தில் ஒரே ஒரு மயிர், மற்றவை வெளியே பார்க்க, இது மட்டும் உள்ளே திரும்பியிருந்தது. வெள்ளை நிறம். அம்மைத் தழும்பு இழுத்ததில் அப்படி ஆகியிருக்க வேண்டும். சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏசுவே! இதுவா இத்தனை நாள் உரசிக்கிட்டிருந்தது?" என்றாள். வேறு யாருக்காவது என்றால் உயிர் போகிற மாதிரி உறுத்தியிருக்கும். இவனுக்குத்தான் உணர்ச்சி இல்லையே. சின்ன இடுக்கியால் ஒரே இழுப்பில் பிடுங்கினாள். அவனுக்கு அதுவும் தெரியவில்லை.

அதற்கப்புறம் பச்சை குறைந்தது. மிளகு கடுகானது. கடுகு ஊசிமுனையானது. நான் சொட்டு விட்டேன், துடைத்தேன், கட்டினேன், மறுபடி சொட்டு விட்டேன். ஆபரேஷன் ஆகி ஆறாவது வாரம் முடிகிற நாளில் டாக்டர் மஞ்சள் மருந்து விட்டு விளக்கைப் பிடித்தார். நானும் குனிந்தேன். எங்கேயும் பச்சை இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஆயித்து!" என்றார் டாக்டர் கன்னடத்திலேயே. "மூடிடுச்சு. இனிமே கட்டு வேணாம். மங்கலாத்தான் தெரியும், போகப் போகத் தெளியும்." தம்பியிடம் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். மூன்று, என்றான். சரியாகச் சொன்னான்.

அவனை வார்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் நின்றேன். அவன் இப்போது பார்ப்பான். அம்மாவின் நெற்றியைப் பார்ப்பான். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், இனிமே அவன் அழலாமா?"

"எதுக்கும்மா அழணும்?"

சொன்னேன். ஆறாம் நாள், அரசிகெரே, வளையல், எல்லாவற்றையும். அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யோ. யாரம்மா ஹேளிதரு, யாரு சொன்னா உங்களுக்கு, இத்தனை நாள் அழக் கூடாதுன்னு? பத்து நாள்னுதானே உங்க அப்பாகிட்ட சொன்னேன். அப்போ இறுக்கி மூடினா, விக்கினா, துண்டு நகந்துடும். அதுக்காகச் சொன்னது. அதுக்கப்புறம் அழட்டுமே! கண்ணீர் வந்தா நல்லதும்மா. நாம விட்ட சொட்டெல்லாம் எதுக்கு? கண்ணு காயாம இருக்கத்தானே? கண்ணீர் செய்யிற வேலையைத்தானே அது செய்யுது?"

பத்து நாள். அம்மா முதல் வளையலைப் போடுவதற்கு முன்னாலேயே அந்தப் பத்து நாள் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. அப்பா அதைச் சொல்ல மறந்தாரா, தேவையில்லை என்று விட்டாரா, இனிக் கேட்க முடியாது. எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அவர் போன பிறகு அவரை நினைத்து எனக்கு முதலில் வந்தது அந்தக் கோபம்தான். டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வார்டில் அவன் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அப்போதுதான் வளையலோடு உள்ளே வந்து, அவனுக்கு முகம் தெரியாமல் அவன் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நான் அவன் எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"அப்பா போயிட்டார்டா."

அவன் என்னைப் பார்த்தான். அந்தக் கண் என்னைப் பார்ப்பதை மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் நான் பார்த்தேன்.

"எப்போ?"

"உனக்கு ஆபரேஷன் ஆன ஆறாம் நாள்."

மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தான். நெற்றியை, கழுத்தை, கையை. எவ்வளவு தெரிந்ததோ, மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் வெளியே போகட்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டான்.

"அக்கா, இப்ப அழலாமா?"

"அழுடா. டாக்டரே சொல்லிட்டார். அழுதா கண்ணுக்கு நல்லதாம்."

சொன்ன பிறகுதான் அம்மா நிற்பது எனக்கு உறைத்தது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். ஒரு கையால் மற்றக் கை வளையல்களைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்துடி நல்லது?" என்றாள்.

"இன்னிலேர்ந்துதாம்மா" என்றேன்.